கம்ப்யூட்டர் அடிக்கடி கிராஷ் ஆகிறதா? ரேம்தான் காரணமா என்று கண்டுபிடிக்கும் வழி

முதல் நாள் பிரவுசர் தானாக மூடிக்கொண்டது. மறுநாள் நீலத்திரை. அதற்கடுத்த நாள், பதிவிறக்கிய ஜிப் கோப்பு ஒன்று "பழுதடைந்துள்ளது" என்று சொல்லித் திறக்க மறுத்தது. திரும்பப் பதிவிறக்கினேன், திறந்துகொண்டது. சரி, இணைய இணைப்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மூன்று நாள் எந்தத் தொல்லையும் இல்லை. நான்காம் நாள் ஒரே மாலையில் இரண்டு நீலத்திரைகள், இரண்டிலும் வேறு வேறு செய்தி.

அப்போது நான் செய்தது பலரும் செய்வதுதான்: விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பாதியில் ஏதோ பிழை காட்டி நின்றது. பென் டிரைவ் சரியில்லை போலும் என்று வேறொன்றை எடுத்தேன். இந்த முறை முடிந்தது. நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் பழைய கதை. வேறு வழி தோன்றாமல் கடைசியில் மெமரி சோதனையை ஓடவிட்டேன். ஆறாவது நிமிடத்தில் திரையில் சிவப்பு வரிகள் இறங்க ஆரம்பித்தன. இரண்டு ரேம் ஸ்டிக்கில் ஒன்று கெட்டுப்போயிருந்தது. நான் அதுவரை திட்டிக்கொண்டிருந்த இணையம், பென் டிரைவ், விண்டோஸ் மூன்றுக்கும் இதில் பங்கே இல்லை.

நான் தலைகீழாகச் செய்த அந்த வேலையைச் சரியான வரிசையில் எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரைத் திறந்தே பார்த்திராதவர்களும் செய்யலாம். ஒரு ஸ்க்ரூ டிரைவர், காலியான பென் டிரைவ் ஒன்று, ஒரு இரவு நேரம் இருந்தால் போதும்.

ஒரே ஒரு பிட் கெட்டால் இவ்வளவு கூத்தா?

ரேமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வொரு துண்டும், மிகச்சிறிய ஒரு மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது ஓட்டைக் குடம் மாதிரி; கசிந்துகொண்டே இருக்கும். அதனால் மெமரி முழுவதையும் பொதுவாக 64 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். 16 ஜிபி ரேம் என்றால் இப்படிச் சுமார் 13,700 கோடி பிட்கள். அதில் ஒன்று சீக்கிரம் கசிந்தாலோ, எதை எழுதினாலும் 1 என்றே ஒட்டிக்கொண்டாலோ கதை முடிந்தது.

ஆனால் அந்தக் கெட்ட இடத்தில் எந்த நேரத்தில் என்ன வந்து உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. புகைப்படத்தின் ஒரு புள்ளி அங்கே இருந்தால் நிறம் லேசாக மாறும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். பிரவுசரின் கட்டளை ஒன்று இருந்தால் பிரவுசர் விழும். விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலின் தரவு இருந்தால் நீலத்திரை. நீங்கள் சேமித்துக்கொண்டிருக்கும் கணக்கு இருந்தால் தப்பான எண் சத்தமில்லாமல் டிஸ்க்குக்குப் போய்விடும். கிராஷ் ஆவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பயம் இந்தக் கடைசி வகைதான்.

விண்டோஸைத் திரும்பப் போடும் முன் ரேமைச் சோதியுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான். நிறுவும்போது ஒவ்வொரு சிஸ்டம் கோப்பும் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. கெட்ட ரேமை வைத்துக்கொண்டு புதிதாகப் போட்டால், புதிய விண்டோஸும் பிறவியிலேயே பழுதாகப் பிறக்கலாம்.

விண்வெளிக் கதிர் வந்து பிட்டைப் புரட்டிவிட்டுப் போகும் என்று ஒரு கதை உண்டு. நடக்கக்கூடியதுதான். ஆனால் கூகுள் தன் சர்வர்களில் இரண்டரை ஆண்டு சேகரித்த தரவை வைத்து, டொராண்டோ பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. ஆண்டுக்குச் சுமார் 8 சதவீத ஸ்டிக்குகளில் பிழை தென்பட்டது. அந்தப் பிழைகளில் பெரும்பகுதி எப்போதாவது வந்து போகும் ரகமல்ல, வன்பொருளிலேயே உள்ள கோளாறு. அதாவது ஒரு முறை பிழை காட்டிய ஸ்டிக்கை "தற்செயலாக இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. அந்தச் சர்வர்களில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி மெமரி இருந்ததால்தான் எண்ணிக்கையாவது தெரிந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. ரேமின் புதிய தலைமுறையான டிடிஆர்5-இல் ஈசிசி உள்ளேயே இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் கவனிக்கும். சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் நடப்பதற்கு அது பொறுப்பல்ல.

ரேம்தானா, வேறு ஏதாவதா?

ஒரு வாரம் கிராஷ்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், திரையில் என்ன வார்த்தை வந்தது. அற்ப வேலையாகத் தோன்றும். ஆனால் பாதி விடை அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

ரேம் கோளாறின் அடையாளம் அதில் ஒழுங்கே இல்லாததுதான். ஒரு நாள் "மெமரி மேனேஜ்மென்ட்", மறுநாள் "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா", அப்புறம் "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்" என்று நீலத்திரையின் செய்தி மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை விழும் மென்பொருளும் வேறாக இருக்கும். பெரிய ஜிப் கோப்புகள் சிஆர்சி பிழை, அதாவது உள்ளடக்கம் சிதைந்துவிட்டது என்ற பிழை, காட்டும். சிலசமயம் கம்ப்யூட்டர் பூட்டே ஆகாது. மின்விசிறிகள் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். மதர்போர்டில் "டிரேம்" என்று எழுதிய இடத்தில் ஒரு சிறு விளக்கு மட்டும் எரியும், அல்லது பீப் சத்தம் வரும்.

இதற்கு மாறாக, ஒவ்வொரு முறையும் அதே டிரைவரின் (ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பெயரே நீலத்திரையில் வந்தால் முதலில் அந்த டிரைவரைக் கவனியுங்கள். நீலத்திரை எதுவும் இல்லாமல், விளையாட்டின் நடுவில் பட்டென்று மின்சாரம் போனதுபோல் அணைந்தால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல், அல்லது சூட்டின் மேல் சந்தேகப்படலாம். எல்லாம் உறைந்து, டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டிருந்தால் டிஸ்க். "வீயா அன்கரெக்டபிள் எரர்" என்று வந்தால் பிராசசர், மின்னழுத்தம், மெமரி எதுவாகவும் இருக்கலாம். அதை வைத்துத் தனியாக ஒரு முடிவுக்கு வர முடியாது.

சோதனைக்கு முன்பே சந்தேகத்தை உறுதிப்படுத்த எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. ஐந்தாறு ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். செவன்-ஜிப் போட்டிருந்தால், அந்தக் கோப்பை ரைட் கிளிக் செய்து அதன் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிடலாம். அது கோப்பின் கைரேகை மாதிரி. கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து திரும்பக் கணக்கிடுங்கள். இப்படி நான்கைந்து முறை. கோப்பு மாறவில்லை, ஆகவே எண்ணும் மாறக் கூடாது. ஒரு முறை மாறினாலும், டிஸ்க்கிலிருந்து பிராசசர் வரை போகும் பாதையில் எங்கோ பிட் புரள்கிறது என்று பொருள். அந்தப் பாதையில் முதல் சந்தேகம் ரேம் மேல்தான். மாறாவிட்டால் ரேம் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். கெட்ட இடத்தில் கோப்பு உட்காராமல் போயிருக்கலாம்.

கை வைக்கும் முன்

முதலில் பேக்கப். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கெட்ட ரேம் வழியாக எடுக்கும் பேக்கப்பும் கெட்டுப்போகலாம். ஆகவே பழைய பேக்கப் இருந்தால் அதன் மேலேயே எழுதாதீர்கள். தனியாக ஒரு நகல் எடுங்கள். எந்த ஸ்டிக் கெட்டது என்று தெரிந்து, அதைக் கழற்றியபின் இன்னொரு நகல் எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் (விண்டோஸ் வரும் முன் ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) சில அமைப்புகளை மாற்றும்போது விண்டோஸ் திடீரென 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லாவிட்டால் ரேம் பிரச்சினையே தேவலை என்று தோன்றிவிடும். முன்கூட்டியே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். முதலாவது இன்டெலின் பெயர், இரண்டாவது ஏஎம்டி 2022-ல் டிடிஆர்5-க்காகக் கொண்டுவந்தது. ரேமை அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு ஓட்டும் அமைப்பு இது. பலருக்கும் தெரியாத விஷயம், இது ஒருவகை ஓவர்கிளாக்கிங், அதாவது இயல்பான வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. டிடிஆர்4-இன் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி போட்டால் பெரும்பாலும் 1.35 ஆகிவிடும். இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம், எப்படி இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை: விண்டோஸில் ஏற்கெனவே இருப்பது

ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" என்று தேடுங்கள். திறந்து உடனே ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீல நிறத் திரையில் சோதனை ஓடும். அங்கே எஃப்1 விசையை அழுத்தினால் பேசிக், ஸ்டாண்டர்ட், எக்ஸ்டெண்டட் என்று மூன்று வகை வரும். எக்ஸ்டெண்டட் எடுங்கள். சதவீதம் ஓரிடத்தில் நின்றுவிட்டதுபோல் நெடுநேரம் தோன்றும், அணைத்துவிடாதீர்கள்.

முடிந்ததும் விண்டோஸ் திறந்து ஓரத்தில் முடிவைச் சொல்லும். தவறவிட்டால் ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸ் பதிவேட்டில், விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதியில், "மெமரிடயக்னாஸ்டிக்ஸ்-ரிசல்ட்ஸ்" என்ற மூலத்தைத் தேடினால் கிடைக்கும்.

இது பிழை சொன்னால் நம்புங்கள். "பிழை இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். கோளாறுள்ள ரேமை இது தேறவிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

உண்மையான சோதனை: ஓர் இரவு முழுக்க

இதற்கு இரண்டு கருவிகள் பெயர்பெற்றவை. மெம்டெஸ்ட்86 என்பது பாஸ்மார்க் நிறுவனத்தின் கையில் இருப்பது. அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும். மெம்டெஸ்ட்86+ அதிலிருந்து கிளைத்த திறமூல மென்பொருள், சுற்றுக்கு வரம்பு கிடையாது. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் குழம்ப வேண்டாம், எது கிடைத்தாலும் சரி. ப்ளஸ் உள்ளதை எடுத்தால் 6-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ எடுங்கள். 6-க்கு முந்தையவை, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஈஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் புதிய கம்ப்யூட்டர்களில் ஓடாது.

பதிவிறக்கி, கூடவே வரும் நிறுவியைக் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். கோளாறுள்ள கம்ப்யூட்டரிலேயே இந்த வேலையைச் செய்யாமல், முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் செய்யுங்கள். அப்புறம் பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையை அழுத்துங்கள். எஃப்8, எஃப்11, எஃப்12 என மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தும் ஓட மறுத்தால் பயாஸில், அங்கீகாரமில்லாத மென்பொருளைப் பூட் ஆகவிடாமல் தடுக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். பிட்லாக்கர் எண்ணை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

சோதனை தானாகவே ஆரம்பித்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது தூங்கப் போவது மட்டும். ரேமின் அளவையும் வேகத்தையும் பொறுத்து ஒரு சுற்றுக்கே மணிக்கணக்கில் ஆகலாம். ஒரு சுற்றில் தேறிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். எப்போதாவது தலைகாட்டும் கோளாறு மூன்றாவது நான்காவது சுற்றில்தான், அதுவும் ரேம் நன்றாகச் சூடேறியபின், மாட்டும். குறைந்தது நான்கு சுற்று ஓடட்டும்.

எத்தனை பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று சிலர் கேட்பார்கள். பூச்சியம். ஆயிரத்துக்கும் ஒன்றுக்கும் இங்கே வித்தியாசமில்லை.

சிவப்பு வரி என்ன சொல்கிறது

பிழை வரும்போது ஒரு வரியில் மூன்று விஷயங்கள் இருக்கும்: நினைவக முகவரி, எழுதியது என்ன, திரும்பப் படித்தபோது கிடைத்தது என்ன. எனக்கு வந்த வரி ஏறக்குறைய இப்படி இருந்தது: எதிர்பார்த்தது 00000000, கிடைத்தது 00000400. எல்லாம் பூச்சியமாக எழுதிய இடத்தில் ஒரே ஒரு பிட் 1 ஆகத் திரும்பியிருக்கிறது. அடுத்த வரியில் முகவரி கொஞ்சம் தள்ளி, அதே 400. அதற்கடுத்ததிலும் அதே 400. இப்படி ஒரே பிட், அக்கம்பக்கத்து முகவரிகள் என்று அடம்பிடித்தால் சிப்பில் ஒரு பகுதி நிஜமாகவே கெட்டுவிட்டது.

மாறாக, முகவரிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக, பிட்களும் கண்டபடி மாறி, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறாக வந்தால் ஸ்டிக் நல்லதாகவே இருக்கலாம். வேகம், மின்னழுத்தம், சரியாக உட்காராத ஸ்டிக் போன்றவற்றின் சாயல் இது. இதை வைத்தே தீர்ப்பு எழுத வேண்டாம். அடுத்து எதை முதலில் பார்ப்பது என்பதற்கு ஒரு கைகாட்டி, அவ்வளவுதான்.

எதுவாக இருந்தாலும் திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதத்தில் மாற்றும்போது உதவும்.

பிழை வந்துவிட்டது என்றால், கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். பிழை மாயமாகிவிட்டால் பெரும்பாலும் உங்கள் ரேம் கெடவில்லை. அந்த வேகம்தான் உங்கள் பிராசசருக்கோ மதர்போர்டுக்கோ ஒத்துவரவில்லை. நான்கு ஸ்டிக் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் இரண்டு டிடிஆர்5 ஸ்டிக்குக்கு 5200 வேகம் வரை உறுதி தருகிறார்கள். நான்கு போட்டால் அதே நிறுவனம் 3600 என்றுதான் சொல்கிறது. பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும் அது ஸ்டிக்கின் பெருமை, பிராசசர் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. கொஞ்சம் வேகத்தைக் குறைத்து வைத்து ஓட்டிப் பாருங்கள். பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் அதையும் போடலாம், ஆனால் ரேம் பிழை இல்லாமல் ஓடும் நிலையில் மட்டும். பயாஸ் எழுதும் நேரத்தில் கம்ப்யூட்டர் விழுந்தால் மதர்போர்டே போய்விடும்.

கழற்றிப் பார்க்கலாம்

கம்ப்யூட்டரை அணைத்து, எஸ்எம்பிஎஸ் பின்னாலுள்ள சுவிட்சையும் அணைத்து, ஒயரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டைத் திறந்தபின் அதன் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். கம்பளத்தின் மேல் நின்றுகொண்டு செய்யாதீர்கள்.

ரேம் ஸ்லாட்டின் முனையிலுள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் ஸ்டிக் எழும்பும். சில மதர்போர்டுகளில் இரண்டு முனையிலும் கிளிப் இருக்கும், சிலவற்றில் ஒரு பக்கம்தான். ஸ்டிக்கின் ஓரங்களைப் பிடித்து எடுங்கள். தங்க முலாம் பூசிய கால்களைத் தொட வேண்டாம். எடுத்தவுடன் ஒவ்வொன்றிலும் சிறு காகித நாடா ஒட்டி 1, 2 என்று எண் போடுங்கள். போடாமல் விட்டால் அரைமணி நேரத்தில் எது எதுவென்று நிச்சயமாகக் குழம்புவீர்கள்.

கால்களில் அழுக்கு தெரிந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் மெதுவாகத் துடைத்துக் காயவிடுங்கள். அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. வேலை செய்யத்தான் செய்யும், ஆனால் முலாம் மிக மெல்லியது, உதிரும் துகள் ஸ்லாட்டுக்குள்ளும் போகும். நான் செய்வதில்லை.

திரும்பச் செருகும்போது ஸ்டிக்கின் அடியிலுள்ள வெட்டும் ஸ்லாட்டிலுள்ள மேடும் பொருந்த வேண்டும். பொருந்தியபின் இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கிளிப் "டிக்" என்று தானாக மூடிக்கொள்ளும். புதியவர்கள் பயந்து மெதுவாக அழுத்துவார்கள், ஸ்டிக் பாதி உட்கார்ந்தபடி நிற்கும். கழற்றி நன்றாக மாட்டியதாலேயே தீர்ந்துபோன ரேம் பிரச்சினைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே எல்லா ஸ்டிக்கையும் பழைய இடத்திலேயே திரும்ப மாட்டி ஒரு முறை சோதியுங்கள். இன்னும் பிழை இருந்தால்தான் அடுத்த வேலை.

அடுத்த வேலைக்கு ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு ஸ்டிக்கை மட்டும், ஒரே ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட், அதாவது ஏ2, ஒற்றை ஸ்டிக்குக்கு உரியது. மதர்போர்டின் கையேட்டில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

ஸ்டிக் 1 ஏ2-வில் தேறுகிறது, ஸ்டிக் 2 அதே ஏ2-வில் பிழை காட்டுகிறது என்றால் கெட்டது ஸ்டிக் 2. அவசரப்படாமல் ஸ்டிக் 2-ஐ வேறொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். அங்கேயும் பிழை என்றால் சந்தேகமே இல்லை. இரண்டு ஸ்டிக்கும் ஏ2-வில் தேறுகின்றன, ஆனால் எது பி2 ஸ்லாட்டில் போனாலும் பிழை என்றால் ஸ்டிக்குகள் நல்லவை, கோளாறு அந்த ஸ்லாட்டில் அல்லது அந்தச் சேனலில், அதாவது அதைப் பிராசசரோடு இணைக்கும் பாதையில். தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வந்தால், வெவ்வேறு சமயத்தில் வாங்கிய ஸ்டிக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஒரே எண்ணிட்ட மாடலாக இருந்தாலும் உள்ளேயிருக்கும் சிப் வேறாக இருக்கலாம். சேர்த்து ஓட்டுவதென்றால் ஜோடியாகவே விற்கும் பெட்டியை வாங்குவது இதற்குத்தான்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டிக்கை மாற்றிவிட்டு முதல் முறை ஆன் செய்யும்போது, மதர்போர்டு ரேமுக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதுவரை சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும், ஒன்றிரண்டு தடவை தானாக ரீஸ்டார்ட் கூட ஆகும். செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். முதல் முறை இதைப் பார்த்தபோது நான் மூன்று தடவை பிடுங்கினேன்.

எல்லா ஸ்டிக்கும், எல்லா ஸ்லாட்டிலும் பிழை காட்டினால்

இரண்டு ஸ்டிக் ஒரே சமயத்தில் கெடுவது அபூர்வம். அப்படி வந்தால் பார்வையை வேறு பக்கம் திருப்புங்கள். மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போதெல்லாம் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. பிராசசர் சாக்கெட்டில் ஒரு ஊசி வளைந்திருந்தாலும், கூலரின் ஸ்க்ரூக்களை ஒரு பக்கமாக அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலும் ஒரு மெமரி சேனல் தகராறு செய்யும். சமீபத்தில் கூலரைக் கழற்றி மாட்டினீர்களா என்று யோசியுங்கள். முடிந்தால் நல்லது என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு கம்ப்யூட்டரின் ரேமைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள், டிடிஆர் தலைமுறை பொருந்த வேண்டும். அதுவும் பிழை காட்டினால் மதர்போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் மூன்றில் ஒன்று. இங்கிருந்து மேலே, மாற்றிப் பார்க்கப் பாகங்கள் வைத்திருப்பவரிடம் கொடுப்பதுதான் சிக்கனம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரவு முழுக்க மெம்டெஸ்ட் தேறுகிறது, விண்டோஸில் மட்டும் கிராஷ் தொடர்கிறது. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினெட்டுக்குள் சூடு குறைவு. ஆகவே விண்டோஸுக்குள் பிரைம்95 மென்பொருளைப் பிளெண்ட் முறையில் சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அது பிராசசரையும் ரேமையும் சேர்த்து வாட்டும். அதிலும் தேறினால் ரேமை விட்டுவிட்டு டிரைவர், டிஸ்க், எஸ்எம்பிஎஸ் பக்கம் போகலாம்.

லேப்டாப், மேக்

லேப்டாப்பில் சோதனை எல்லாம் இதேதான், கழற்றுவதுதான் வேறு. பல மெல்லிய மாடல்களில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது; மாடல் விவரத்தைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூவில் கை வையுங்கள். கழற்ற முடிந்தால் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரியுங்கள். பற்றவைத்த ரேமில் ஒரு சின்ன பகுதி மட்டும் கெட்டிருந்தால், அந்த முகவரிகளைத் தொடாமல் ஒதுக்கிவைக்கும் வசதி விண்டோஸிலும் லினக்ஸிலும் இருக்கிறது. தற்காலிகமாகத் தள்ளலாம், முக்கியமான வேலைக்கு நம்ப மாட்டேன்.

இன்டெல் மேக்கில், பெரும்பாலான மாடல்களில், ஆன் செய்யும்போது டி விசையை அழுத்திப் பிடித்தால் ஆப்பிளின் சோதனை ஓடும். ஆப்பிள் சிலிக்கன் மேக்கில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, தொடக்கத் தேர்வுகள் வந்ததும் கமாண்ட், டி இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

கண்டுபிடித்தபின்

கெட்ட ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, நல்லதை மட்டும் வைத்துக் கம்ப்யூட்டரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். ரேமுக்கு நீண்டகால உத்தரவாதம், சில நிறுவனங்களிடம் ஆயுள் உத்தரவாதமே உண்டு. ஜோடியாக வாங்கியதென்றால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே கேட்பார்கள். அதனால் அனுப்பும் முன், இடைப்பட்ட நாட்களுக்கு என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள்.

கெட்ட ரேமோடு ஓடிய நாட்களில் டிஸ்க்குக்குப் போனவற்றையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓட்டினால் பழுதான சிஸ்டம் கோப்புகளை மாற்றிக்கொடுக்கும். செக் டிஸ்க்கையும் ஓட்டுங்கள். கோளாறான காலத்தில் விண்டோஸையே நிறுவியிருந்தால், என்னைப்போல, மூன்றாவது முறையாகப் போட்டுவிடுவது மேல். சொந்தக் கோப்புகளுக்கு இப்படி எந்தக் கருவியும் கிடையாது. அந்த நாட்களில் நகலெடுத்த படங்கள், சேமித்த கணக்குகள் ஆகியவற்றை நீங்களேதான் திறந்து பார்க்க வேண்டும். எனக்கு ஒரு கோப்புறை நிறையப் படங்களில் மூன்று மட்டும் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிக் கிடந்தன. மூலப் பிரதி கேமரா அட்டையில் இருந்ததால் தப்பித்தேன்.

புதிய ஸ்டிக் வந்ததும் மாட்டி, கோப்பு எதையும் தொடாமல், முதல் இரவே அதையும் நான்கு சுற்று மெம்டெஸ்டில் ஓட்டுங்கள். எனக்கு மாற்றிக் கொடுத்த முதல் ஜோடியும் இரண்டாம் சுற்றில் பிழை காட்டியது. அதைத் திருப்பி அனுப்பி வாங்கிய இரண்டாவது ஜோடிதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.